இமேஜ்மேஜிக்கில் படம் சரியாக மாறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இமேஜ்மேஜிக் கட்டளைகளை வைத்துப் படங்களை ஒரு ஃபார்மேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வெவ்வேறாகத் தெரியும். அடியில் இருக்கும் கோளாறுகள் சிலதான். அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் எளிதில் சரியாகும் காரணம் முதலிலும், அதிக வேலை வாங்கும் காரணம் கடைசியிலும் வரும்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்; இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் இங்கே இருக்கும் இடத்திலேயே வர வேண்டும். ‘மேஜிக்’ என்ற கட்டளையில் சி-க்குப் பிறகு ஒரு கே-யும் உண்டு, விட்டுவிடாதீர்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

மூலப் படங்களை நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான்.

அப்புறம், ‘மேஜிக் ஐடென்டிஃபை படம்.ஜேபிஜி’ என்று தட்டுங்கள். கோப்பு உண்மையில் எந்த ஃபார்மேட், எத்தனை பிக்சல், எத்தனை பிட், எந்த நிற முறை என்று ஒரே வரியில் வரும். பிழைச் செய்தியைத் தேடுபொறியில் போட்டு, கிடைக்கிற தீர்வையெல்லாம் ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்லும். இங்கே உள்ள சிக்கல்களில் பாதிக்குமேல், கட்டளையில் தவறு இல்லாமல், கோப்பு நாம் நினைத்த மாதிரி இல்லாததால் வருபவை.

## கட்டளையே ஓடவில்லை

### ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது

இமேஜ்மேஜிக் 7-ஆம் பதிப்பில் கட்டளையின் பெயர் ‘மேஜிக்’. 6-ஆம் பதிப்பில் ‘கன்வர்ட்’. பல லினக்ஸ் கணினிகளில் இன்னும் 6 இருக்கிறது. அங்கே ‘மேஜிக்’ என்று தட்டினால் இப்படித்தான் சொல்லும். ‘கன்வர்ட் -வெர்ஷன்’ தட்டிப் பாருங்கள். பதில் வந்தால், நான் ‘மேஜிக்’ என்று எழுதும் இடத்தில் நீங்கள் ‘கன்வர்ட்’ என்றும், ‘மேஜிக் ஐடென்டிஃபை’, ‘மேஜிக் மாக்ரிஃபை’ என்ற இடங்களில் வெறும் ‘ஐடென்டிஃபை’, ‘மாக்ரிஃபை’ என்றும் தட்டினால் போதும்.

இப்போதுதான் நிறுவினீர்கள் என்றால், திறந்திருக்கும் டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறங்கள். நிறுவலுக்கு முன்பே திறந்திருந்த சாளரத்துக்குப் புதிய பாதை தெரியாது.

### விண்டோஸில் ‘இன்வேலிட் பாராமீட்டர்’ என்று வருகிறது

இது இமேஜ்மேஜிக்கின் செய்தியே இல்லை. விண்டோஸுக்குள்ளேயே ‘கன்வர்ட்’ என்ற பெயரில் இன்னொரு நிரல் இருக்கிறது. அது டிஸ்க்கின் கோப்பு முறையை என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றுவதற்கானது. நீங்கள் தட்டிய கட்டளை அதனிடம் போய்விட்டது. ‘மேஜிக்’ என்று மாற்றித் தட்டுங்கள். பழைய ஸ்கிரிப்ட்களை விண்டோஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் திருத்த வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான்.

## ‘நோ டிகோட் டெலிகேட்’ என்று சொல்லி மறுக்கிறது

இதைப் பார்த்ததும் பலரும், அந்த ஃபார்மேட்டைப் படிக்கத் துணைபுரியும் லைப்ரரி ஒன்று குறைகிறது என்று முடிவுகட்டி நிறுவல் வேலையில் இறங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

### கோப்பு காலியா, நீட்சி பொய்யா?

கோப்பின் அளவைப் பாருங்கள். 0 பைட் என்றால் பதிவிறக்கம் முடியவில்லை, மறுபடி எடுங்கள். சில கேபி மட்டும் இருந்தால், அது படமே இல்லாமல் ஒரு பிழைப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லாக இருக்கலாம்.

அடுத்து நீட்சி. பெயருக்குப் பின்னால் ‘.ஜேபிஜி’ என்று இருப்பதால் மட்டும் அது ஜேபெக் ஆகிவிடாது. இணையத்திலிருந்து சேமித்த வெப்பி படத்துக்கோ, போனிலிருந்து வந்த ஹெச்இஐசி படத்துக்கோ யாரோ பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். அப்போது ‘நாட் எ ஜேபெக் ஃபைல்’ என்று தொடங்கி, கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளைக் காட்டும் செய்தியும் வரும். அந்த இரண்டு எண்கள் முழுக் கதையையும் சொல்லிவிடும்:

- 89, 50 என்றால் பிஎன்ஜி.
- 47, 49 என்றால் ஜிஃப்.
- 52, 49 என்றால் பெரும்பாலும் வெப்பி.
- 25, 50 என்றால் பிடிஎஃப்.
- 00, 00 என்றால் அநேகமாக ஹெச்இஐசி.
- 3சி-யில் தொடங்கினால் இணையப் பக்கம் அல்லது எஸ்விஜி.

லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஃபைல் படம்.ஜேபிஜி’ என்ற கட்டளையே உண்மையான வகையைச் சொல்லிவிடும். விண்டோஸில் நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள்: பிஎன்ஜி, ரிஃப், வெப்பி, ஜேஎஃப்ஐஎஃப் போன்ற எழுத்துகள் கண்ணில் படும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்துவிட்டால் படம் கெட்டுவிடும்.

வகை தெரிந்துவிட்டால் பெயரை மாற்றலாம், அல்லது கோப்பின் முன்னால் வகையை ஒட்டலாம்: ‘மேஜிக் வெப்பி:படம்.ஜேபிஜி புதியது.பிஎன்ஜி’.

### பெயரில் ஏதாவது குறுக்கே நிற்கிறதா?

மேலே பார்த்தபடி வகையை முக்காற்புள்ளியோடு முன்னால் ஒட்டலாம் என்பதால், கோப்பின் பெயரிலேயே முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு முன்னால் இருக்கும் பகுதியை ஃபார்மேட்டின் பெயர் என்று நிரல் எடுத்துக்கொள்ளக்கூடும். நேரத்தைப் பெயராக வைக்கும் ஸ்கிரீன்ஷாட் கோப்புகளில் இது நடக்கும். சதுர அடைப்புக்குறி இருந்தால் பக்க எண் என்று நினைக்கும். பெயர் கோட்டில் தொடங்கினால் ஆப்ஷன் என்று நினைக்கும். இடைவெளி இருந்தால் பெயரை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். மற்ற மூன்றுக்கும் பெயரை மாற்றிவிடுவதே நிம்மதி.

### இப்போது லைப்ரரி

‘மேஜிக் -லிஸ்ட் ஃபார்மேட்’ என்று தட்டினால் நீண்ட பட்டியல் வரும். உங்கள் ஃபார்மேட்டுக்கு நேராக ‘ஆர்’ இருந்தால் படிக்கத் தெரியும், ‘டபிள்யூ’ இருந்தால் எழுதத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. ஹெச்இஐசியைப் படிக்கும், எழுதாது என்ற நிலை சகஜம். எழுத முடியாதபோது வரும் செய்தியில் ‘டிகோட்’ இருக்காது, ‘என்கோட்’ என்று இருக்கும். செய்தியில் எது இருக்கிறது என்று கவனித்துப் படியுங்கள்.

ஹெச்இஐசிக்குத் தேவை லிப்ஹெய்ஃப் என்ற லைப்ரரி. சில லினக்ஸ்களில் அதன் டிகோடர் தனிப் பொதியாக வரும், அதையும் சேர்த்து நிறுவ வேண்டும். கேமரா ரா கோப்புகளுக்கு லிப்ரா, வெப்பிக்கு லிப்வெப்பி. லைப்ரரியை நிறுவிய பிறகும் பட்டியலில் வரவில்லை என்றால், உங்கள் இமேஜ்மேஜிக் அந்த ஆதரவு இல்லாமலே தொகுக்கப்பட்டிருக்கிறது. வேறு பதிப்பை நிறுவ வேண்டும், அல்லது மூல நிரலிலிருந்து தொகுக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு குறுக்கு வழி. மேக்கில் ‘சிப்ஸ்’ என்ற கட்டளை கணினியோடே வருகிறது: ‘சிப்ஸ் -எஸ் ஃபார்மேட் ஜேபெக் படம்.ஹெச்இஐசி --அவுட் படம்.ஜேபிஜி’. லினக்ஸில் லிப்ஹெய்ஃபோடு வரும் ‘ஹெய்ஃப்-கன்வர்ட்’ இருக்கிறது; புதிய பதிப்புகளில் அதன் பெயர் ‘ஹெய்ஃப்-டெக்’. இவற்றில் ஹெச்இஐசியை ஜேபெக் ஆக்கிவிட்டு, மிச்ச வேலையை இமேஜ்மேஜிக்கில் செய்யலாம். பத்துப் படத்துக்காக ஒரு மென்பொருளை மூலத்திலிருந்து தொகுக்க உட்கார வேண்டாம்.

## பிடிஎஃப் கொடுத்தால் ‘நாட் ஆதரைஸ்டு’, ‘செக்யூரிட்டி பாலிசி’ என்கிறது

கோப்பிலும் கோளாறு இல்லை, உங்கள் கட்டளையிலும் இல்லை. பிடிஎஃப்பைப் படிக்க இமேஜ்மேஜிக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு நிரலை நம்பியிருக்கிறது. 2018-இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் கடுமையான பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தபோது, லினக்ஸ் விநியோகங்கள் பிடிஎஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட், இபிஎஸ் மூன்றையும், இமேஜ்மேஜிக் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் பாலிசி கோப்பில் அடைத்துவைத்தன. 9.24 பதிப்பில் திருத்தங்கள் வந்த பிறகும் பல இடங்களில் அந்தப் பூட்டு அப்படியே இருக்கிறது.

முதல் வழி: பூட்டைத் தொடாமல் போவது. பாப்ளர் என்ற தொகுப்பில் ‘பிடிஎஃப்டுபிபிஎம்’ இருக்கிறது. ‘பிடிஎஃப்டுபிபிஎம் -ஆர் 300 -ஜேபெக் ஆவணம்.பிடிஎஃப் பக்கம்’ என்றால் பக்கத்துக்கு ஒரு ஜேபெக் வந்துவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் இன்னும் நல்லது ஒன்று அதே தொகுப்பில் உண்டு: ‘பிடிஎஃப்இமேஜஸ் -ஆல் ஆவணம்.பிடிஎஃப் பக்கம்’. ஜேபெக்காக உள்ளே இருக்கும் ஸ்கேன் படத்தை மறுபடி சுருக்காமல் அப்படியே வெளியே எடுத்துத் தரும், தரம் துளியும் குறையாது. ஸ்கேன் ஆவணங்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை.

இரண்டாம் வழி: பூட்டைத் திறப்பது. உங்கள் சொந்தக் கணினி, நீங்களே உருவாக்கிய பிடிஎஃப்கள், கோஸ்ட்ஸ்கிரிப்ட் 9.24-க்கு மேல், இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் இதைச் செய்யுங்கள். ‘மேஜிக் -லிஸ்ட் பாலிசி’ தட்டினால் பாலிசி கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். அதில் பிடிஎஃப் வரியில் ‘ரைட்ஸ்’ என்பதற்கு நேரே ‘நன்’ என்று இருப்பதை, ‘ரீட்’, செங்குத்துக் கோடு, ‘ரைட்’ என்று மாற்ற வேண்டும். பழைய கோப்பின் நகலை முதலில் எடுத்துவையுங்கள்.

நிர்வாகியிடம் போக வேண்டிய இடம்: முன்பின் தெரியாதவர்கள் கோப்பு ஏற்றும் சர்வர் என்றால் நீங்களாகத் திறக்காதீர்கள். 2016 மே மாதம் வெளிவந்த இமேஜ்டிராஜிக் ஓட்டையில், ஒரு படத்தை ஏற்றியே அடுத்தவர் சர்வரில் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. பாலிசி கோப்பின் அருமை அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

பூட்டு திறந்தும் ‘பிடிஎஃப் டெலிகேட் ஃபெயில்டு’ என்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிறுவப்படவில்லை, அல்லது பிடிஎஃப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறது.

## ‘கேஷ் ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்’ என்கிறது, அல்லது கணினி திணறுகிறது

பெரிய படங்களில் வரும். ‘ஐடென்டிஃபை’ கொடுத்துப் பிக்சல் அளவைப் பாருங்கள். அதுவே திணறினால் ‘மேஜிக் ஐடென்டிஃபை -பிங் படம்.டிஃப்’ என்று கொடுங்கள், தலைப்பகுதியை மட்டும் படிக்கும். டிஸ்க்கில் 5 எம்பி இருக்கும் ஜேபெக் நினைவகத்தில் 5 எம்பி இல்லை. இமேஜ்மேஜிக் 7-இன் வழக்கமான தொகுப்பு ஒவ்வொரு பிக்சலின் ஒவ்வொரு நிறத்துக்கும் 4 பைட் எடுக்கும். 24 மெகாபிக்சல் படம் விரிந்தால் சுமார் 288 எம்பி.

ஒரே கட்டளையில் எல்லாப் படத்தையும் கொடுத்தீர்களா? ‘மேஜிக் *.ஜேபிஜி’ என்று தொடங்கும் கட்டளை எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். மொத்த வேலைக்கு ‘மாக்ரிஃபை’ பயன்படுத்துங்கள். அது ஒவ்வொன்றாக எடுக்கும். கீழே விவரம் இருக்கிறது.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா? நினைவகம் போதாதபோது தற்காலிக ஃபோல்டரில் எழுதும். இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் அங்கே ‘மேஜிக்-’ என்று தொடங்கும் பெரிய கோப்புகளை விட்டுச் சென்றிருக்கும். எந்த மாற்ற வேலையும் ஓடாத நேரத்தில் அவற்றை அழித்துவிடலாம்.

படிக்கும்போதே சிறிதாக்க முடியுமா? ஜேபெக்கைச் சிறிய அளவுக்குக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், உள்ளீட்டுப் பெயருக்கு முன்னால் ‘-டிஃபைன் ஜேபெக்:சைஸ்=1600எக்ஸ்1600’ சேர்த்து, பிறகு ‘-ரீசைஸ்’ கொடுங்கள். முழு அளவில் விரிக்காமலே படிக்கும். நேரமும் கண்கூடாகக் குறையும்.

வரம்பு பாலிசியில் இருக்கிறதா? டெபியன், உபுண்டு வகைகளில் நினைவகம் 256 எம்பி, டிஸ்க் 1 ஜிபி, அகலமும் உயரமும் 16,000 பிக்சல் என்ற அளவில் வரம்பு வைத்திருப்பதைப் பார்க்கலாம். ‘மேஜிக் -லிஸ்ட் ரிசோர்ஸ்’ உங்கள் கணினியின் வரம்பைக் காட்டும். கட்டளையில் ‘-லிமிட்’ கொடுத்து இதைக் குறைக்க முடியும், பாலிசியைத் தாண்டிக் கூட்ட முடியாது. கூட்ட பாலிசி கோப்பையே திருத்த வேண்டும்.

இதற்கும் அடங்காத ராட்சதப் படங்களுக்கு லிப்விப்ஸ் என்ற கருவிக்கு மாறுங்கள். படத்தைத் துண்டு துண்டாகப் படித்து எழுதுவதால் நினைவகம் மிகக் குறைவாகப் போதும். இன்னொன்று: ஜேபெக் நடைமுறையில் அகலத்திலோ உயரத்திலோ 65,500 பிக்சல் வரைதான் ஏற்கும்; வெப்பி 16,383. அதற்குமேல் இருக்கும் வரைபடத்தையோ நீண்ட ஸ்கிரீன்ஷாட்டையோ அந்த ஃபார்மேட்டுகளுக்கு மாற்றவே முடியாது. பிஎன்ஜி அல்லது டிஃப் வையுங்கள்.

## பின்னணி கறுப்பாகிவிட்டது

பின்னணி இல்லாத பிஎன்ஜியை ஜேபெக் ஆக்கினால் நடப்பது. ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் பகுதி என்பதே கிடையாது. ‘மேஜிக் சின்னம்.பிஎன்ஜி -பேக்கிரவுண்ட் ஒயிட் -ஆல்ஃபா ரிமூவ் -ஆல்ஃபா ஆஃப் சின்னம்.ஜேபிஜி’. அவ்வளவுதான்.

எஸ்விஜியிலிருந்து பிஎன்ஜிக்கு மாற்றும்போது பின்னணி வெள்ளையாக ஒட்டிக்கொண்டால், ‘-பேக்கிரவுண்ட் நன்’ என்பதை உள்ளீட்டுப் பெயருக்கு முன்னால் போடுங்கள். எஸ்விஜியில் வடிவங்களே சிதைந்து வந்தால் நிரலுக்குள் இருக்கும் எளிய வரைவுப் பகுதி வேலை செய்கிறது என்று அர்த்தம். லிப்ஆர்எஸ்விஜியோ இங்க்ஸ்கேப்போ நிறுவுங்கள்.

## படம் படுத்துக்கொண்டது, தலைகீழானது

கேமராவும் போனும் பிக்சல்களைத் திருப்புவதில்லை. ‘இப்படித் திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃப் தகவலில் ஒரு குறிப்பு மட்டும் எழுதுகின்றன. படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல்களை நீக்கும் ‘-ஸ்ட்ரிப்’ கொடுத்தால் அந்தக் குறிப்பும் போய்விடும். அதற்கு முன்னால் ‘-ஆட்டோ-ஓரியன்ட்’ கொடுத்தால் பிக்சலே திரும்பிவிடும். வரிசை முக்கியம்: முதலில் ஆட்டோ-ஓரியன்ட், பிறகுதான் ஸ்ட்ரிப்.

ஹெச்இஐசி மட்டும் இரண்டு முறை திரும்பினால் பதிப்பு பழையது. ஆட்டோ-ஓரியன்ட்டை எடுத்துவிட்டு ஒரு படத்தில் சோதியுங்கள்.

## நிறம் மாறிவிட்டது

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். பலர் ‘-மாடுலேட்’ கொடுத்து நிறத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அது காரணத்தைத் தொடாது. ஒரு படத்துக்குப் பொருந்துவது அடுத்ததற்குப் பொருந்தாது.

முதலில் ஒரு சோதனை: ‘மேஜிக் ஐடென்டிஃபை -ஃபார்மேட் "%[கலர்ஸ்பேஸ்] %[ப்ரொஃபைல்:ஐசிசி]" படம்.ஜேபிஜி’. மூலப் படத்துக்கும் மாறிய படத்துக்கும் கொடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

### மாறிய படம் சற்று வெளிறித் தெரிகிறது

மூலத்தில் ‘டிஸ்ப்ளே பி3’ அல்லது ‘அடோபி ஆர்ஜிபி’ என்று வந்து, மாறியதில் ஒன்றும் வரவில்லை என்றால், நீங்கள் கொடுத்த ‘-ஸ்ட்ரிப்’ நிற விவரக் கோப்பான ஐசிசியையும் சேர்த்து எடுத்துவிட்டது. பி3 என்ற விரிந்த நிற முறைக்காக எழுதிய எண்களை, வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற முறை என்று நினைத்துத் திரை காட்டுகிறது, அதனால் சிவப்பும் பச்சையும் உயிர் இழக்கின்றன. மாறிய படத்தைத் திருத்தாமல் மூலத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

எளிய வழி, ஐசிசியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுப்பது: ‘-ஸ்ட்ரிப்’ இருக்கும் இடத்தில் ‘+ப்ரொஃபைல் '!ஐசிசி,*'’ என்று போடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் ஒற்றை மேற்கோள்குறி கட்டாயம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் இரட்டைக் குறி போடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்றால், ‘-ப்ரொஃபைல்’ என்று எழுதி எஸ்ஆர்ஜிபி ஐசிசி கோப்பின் பாதையைக் கொடுத்து மாற்றிவிட்டு, அதன் பிறகு ஸ்ட்ரிப் செய்யுங்கள்.

### நிறம் பளிச்சென்று அடிக்கிறது, அல்லது நெகட்டிவ் போல இருக்கிறது

சோதனையில் சிஎம்ஒய்கே என்று வந்திருக்கும். அச்சுக்காகத் தயாரித்த படம். படத்துக்குள் ஐசிசி இருந்தால் எஸ்ஆர்ஜிபி கோப்போடு ஒரு ‘-ப்ரொஃபைல்’ போதும். உள்ளே இல்லை என்றால் இரண்டு தேவை: முதலாவது எந்த அச்சு முறைக்காகச் செய்த படம் என்று சொல்வது, இரண்டாவது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுவது. ‘-கலர்ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி’ என்று மட்டும் கொடுத்தாலும் மாறும், ஆனால் அது வெறும் கணக்கு. நிறம் கண்ணை உறுத்தும். சின்னப் பார்வைப் படத்துக்கு அது பரவாயில்லை.

எதிர்த்திசையில், அதாவது ஆர்ஜிபி படத்தை அச்சுக்காகச் சிஎம்ஒய்கே ஆக்க வேண்டும் என்றால் நீங்களாக ஊகிக்க வேண்டாம். அச்சகத்தின் முன்தயாரிப்புப் பிரிவிடம் எந்த ஐசிசி வேண்டும் என்று கேளுங்கள். தாளும் மையும் மாறினால் அதுவும் மாறும். பெரும்பாலும் ‘ஆர்ஜிபியாகவே கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்றுதான் சொல்வார்கள். தவறான ஐசிசியோடு ஆயிரம் பிரதி அடித்த பிறகு திருத்த வழியில்லை.

### பிஎன்ஜி வேறு நிரலில் திறக்கவில்லை, ‘கிரே’ என்று குறை சொல்கிறது

படத்தில் கறுப்பு வெள்ளை மட்டும் இருந்தால் இமேஜ்மேஜிக் தானாகவே சாம்பல் வகை பிஎன்ஜியாக எழுதிவிடும். வெளியீட்டுப் பெயருக்கு முன்னால் ‘பிஎன்ஜி24:’ என்று ஒட்டுங்கள்.

## படம் மங்கலாக இருக்கிறது

பிடிஎஃப்பிலிருந்து வந்ததா? எதுவும் சொல்லாவிட்டால் அங்குலத்துக்கு 72 புள்ளி அடர்த்தியில் வரையும். ஏ4 பக்கம் 595க்கு 842 பிக்சலாகத்தான் வரும். ‘-டென்சிட்டி 300’ கொடுத்தால் 2480க்கு 3508. ஆனால் அதை உள்ளீட்டுப் பெயருக்கு முன்னால் கொடுக்க வேண்டும். பின்னால் கொடுத்தால் ஏற்கெனவே படித்து முடித்துவிட்ட படத்துக்கு 300 என்று ஒரு எண் ஒட்டப்படும், பிக்சல் ஒன்றும் கூடாது. மங்கல் குறித்து வரும் கேள்விகளில் மிகுதியானவை இந்த இடமாற்றத்தால் வருபவை.

எழுத்தும் கோடும் நிறைந்த படமா? சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து தெரிந்தால், ஜேபெக் நிறத் தகவலைக் குறைத்திருக்கிறது. ‘-சாம்ப்ளிங்-ஃபாக்டர் 4:4:4’ சேருங்கள், ‘-குவாலிட்டி 92’ வரை ஏற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஜேபெக்கே வேண்டாம், பிஎன்ஜி போதும்.

ஜேபெக்கிலிருந்து ஜேபெக்காகப் பலமுறை மாறியதா? போன தரம் திரும்பாது. ‘-ஷார்ப்பன்’ கட்டம் கட்டமான தடங்களைத்தான் கூர்மையாக்கும். மூலத்தைத் தேடுங்கள்.

## ஒரு கோப்பு கேட்டால் பல கோப்பு வருகிறது

வெளியீட்டில் ‘-0’, ‘-1’ என்று எண் சேர்ந்து பல கோப்புகள் வந்தால், உள்ளீட்டில் பல பக்கம் இருக்கிறது: பிடிஎஃப், அசையும் ஜிஃப், பல அடுக்கு டிஃப், ஐகான் கோப்பு. முதல் பக்கம் மட்டும் வேண்டும் என்றால் ‘"ஆவணம்.டிஃப்[0]"’ என்று மேற்கோளுக்குள் கொடுங்கள். எல்லாம் வேண்டும், வரிசை குலையக் கூடாது என்றால் வெளியீட்டுப் பெயரில் ‘%03டி’ சேருங்கள். 000, 001 என்று வரும். விண்டோஸ் பேட்ச் கோப்பில் சதவீதக் குறியை இரண்டு முறை எழுத வேண்டும். ஜிஃப் சட்டங்கள் துண்டு துண்டாக வந்தால் உள்ளீட்டுக்குப் பிறகு ‘-கோயலெஸ்’ சேருங்கள்.

## கோப்பு பெருத்துவிட்டது

ஜேபெக்கைப் பிஎன்ஜி ஆக்கினால் பெருக்கத்தான் செய்யும், தரம் மட்டும் கூடாது. அப்படி மாற்ற ஒரு தேவை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். டிஃப்பிலிருந்து பிஎன்ஜிக்கு வந்து பெருத்திருந்தால் 16 பிட் அப்படியே வந்திருக்கிறது. ‘-டெப்த் 8’ கொடுங்கள். பிஎன்ஜியில் ‘-குவாலிட்டி’ எண் தரத்தைக் குறிக்காது, சுருக்கும் முறையைக் குறிக்கும். 50 கொடுத்தால் படம் பாதியாகக் கெடும் என்ற பயம் வேண்டாம்.

குறிப்பிட்ட அளவுக்குள் ஜேபெக் வேண்டும் என்று விண்ணப்பப் படிவம் கேட்டால், குவாலிட்டி எண்ணை ஊகித்துக்கொண்டிருக்காமல் ‘-டிஃபைன் ஜேபெக்:எக்ஸ்டென்ட்=200கேபி’ என்று வெளியீட்டுப் பெயருக்கு முன்னால் போடுங்கள். அந்த அளவுக்குள் அடங்கும் தரத்தை அதுவே தேடிக்கொள்ளும். பெரிய படமாக இருந்தால் முதலில் ‘-ரீசைஸ்’ செய்யுங்கள். இல்லையென்றால் அளவுக்குள் அடங்கும், ஆனால் முகம் தெரியாது.

## மொத்தமாக மாற்றியதில் சில காணவில்லை, சில அழிந்துவிட்டன

பெரிய எழுத்து நீட்சி. லினக்ஸில் ‘*.ஜேபிஜி’ என்று சிறிய எழுத்தில் கொடுத்தால் கேமரா வைத்த பெரிய எழுத்து நீட்சிகள் சேராது. இரண்டையும் கொடுங்கள்.

‘மேஜிக் *.ஜேபிஜி *.பிஎன்ஜி’ என்று தட்டியிருக்கிறீர்களா? இந்த வரி மற்ற கருவிகளின் பழக்கத்தில் வருவது, ஆபத்தானது. ஃபோல்டரில் ஏற்கெனவே பிஎன்ஜி இருந்தால் அகர வரிசையில் கடைசியாக இருப்பது வெளியீடாகக் கருதப்படும். வெளியீட்டில் பல படங்கள் இருப்பதால் எண் சேர்ந்த பெயர்களில் ஒரு குவியல் உருவாகும். உள்ளீடு ஒன்றாக இருந்தால் அந்தப் பிஎன்ஜியே மேலெழுதப்படும். எது எதிலிருந்து வந்தது என்று பிரிப்பது கடினம்.

மாக்ரிஃபை மூலத்தின் மேலேயே எழுதிவிட்டதா? அதன் இயல்பே அதுதான். ‘-ஃபார்மேட் பிஎன்ஜி’ கொடுத்தால் புதிய நீட்சியில் எழுதும். கூடவே ‘-பாத்’ கொடுத்து வேறு ஃபோல்டரைக் காட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: ‘மேஜிக் மாக்ரிஃபை -பாத் புதியவை -ஃபார்மேட் பிஎன்ஜி *.ஜேபிஜி’. அந்த ஃபோல்டரை முன்னதாகவே உருவாக்கியிருக்க வேண்டும்.

ஒரே பெயர் மோதல். ‘பூ.ஜேபிஜி’, ‘பூ.பிஎன்ஜி’ இரண்டும் இருக்கும் ஃபோல்டரை வெப்பி ஆக்கினால் இரண்டும் ‘பூ.வெப்பி’ ஆகும். பின்னது முன்னதை அழிக்கும், செய்தி எதுவும் வராது. உள்ளீட்டு எண்ணிக்கையும் வெளியீட்டு எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

## பாதிப் படம் சாம்பலாக இருக்கிறது, ‘ப்ரிமெச்சூர் எண்ட்’ என்கிறது

கோப்பு முழுதாக வந்து சேரவில்லை. இது எச்சரிக்கை மட்டும் என்பதால் வெளியீடு எழுதப்பட்டுவிடும், வேலை முடிந்த மாதிரி தோன்றும். மொத்த வேலையில் இது நழுவாமல் இருக்க ‘-ரிகார்ட்-வார்னிங்ஸ்’ சேருங்கள். எச்சரிக்கையையும் பிழையாக எடுத்துக்கொள்ளும்.

எளிதான காரணம் பாதியில் நின்ற பதிவிறக்கமோ நகலெடுப்போ. மூல இடத்தில் கோப்பின் அளவைப் பாருங்கள். அங்கே பெரிதாக இருந்தால் மறுபடி நகலெடுங்கள். அங்கேயும் இதே அளவு என்றால் வேறு ஒரு பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம், போனின் மேகச் சேமிப்பில் இருக்கலாம்.

எந்தப் பிரதியும் இல்லை, மெமரி கார்டிலேயே கெட்டிருக்கிறது என்றால் அந்தக் கார்டை உடனே கழற்றி வையுங்கள். அதில் புதிதாக ஒரு படமும் எடுக்க வேண்டாம், ஃபார்மேட் செய்ய வேண்டாம், பழுது நீக்கும் நிரலை நேரடியாக அதன்மேல் ஓட்ட வேண்டாம். கார்டு இன்னும் படிக்கப்படுகிறது என்றால் முழுக் கார்டின் பிம்பத்தை ஒரு கோப்பாக எடுத்து, அந்தப் பிம்பத்தில் மீட்பு நிரலை ஓட்டலாம். ஃபோட்டோரெக் இலவசம், இந்த வேலையை நன்றாகச் செய்யும். கார்டைக் கணினி அடையாளமே காணவில்லை, அல்லது படிக்கும்போது பாதியில் துண்டித்துக்கொள்கிறது என்றால், அத்தோடு நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.